இணையவழிக் கலந்துரையாடலுக்கும் குழுப்பணிக்கும் மதிப்பெண் இடுவது எப்படி?

கேள்வி: கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி கற்பிக்கிறேன். மழைக்கால விடுமுறைகளை ஈடுகட்ட, பாடத்தின் ஒரு பகுதியை மூடில் (Moodle) என்னும் இணையவழிக் கற்றல் தளத்தின் வழியே நடத்துகிறோம். அகமதிப்பீட்டில் கலந்துரையாடலுக்கு 10, குழுப்பணிக்கு 15 மதிப்பெண். பெரும்பாலோர் ‘நல்ல கருத்து, ஏற்கிறேன்’ என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். குழுப்பணியை ஒருவரே செய்து ஐவர் பெயரையும் போட்டுவிடுகின்றனர். நியாயமாக மதிப்பிட வழி என்ன?

பதில்: இதற்கு மாணவர்களின் அக்கறையின்மையை மட்டும் காரணமாகக் கொள்ள வேண்டாம். ‘ஒரு பதிவும் இரண்டு மறுமொழிகளும் இட்டால் முழு மதிப்பெண்’ என்று அறிவித்தால், அந்த எண்ணிக்கைதான் வந்து சேரும். மேலும், ‘நீர் மாசுபாட்டின் காரணங்கள் யாவை?’ என்பதுபோல் விடை முன்பே முடிவான வினாவைக் கேட்டால், முதலில் எழுதியவருக்குப் பின் வருபவர்கள் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே முதலில் வினாவை மாற்றுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்துத் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை ஆற்றின் கரையோரப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை உங்கள் மாணவர்கள் நன்கறிவார்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே அணையின் நீர்மட்டத்தைக் குறைத்துவிட வேண்டுமா, பாசனத்துக்காகத் தேக்கி வைக்க வேண்டுமா என்று கேட்டால், இரு தரப்பினரும் சான்று தேடவும் ஒருவரை ஒருவர் மறுக்கவும் இடமிருக்கிறது. மூடிலில் கேள்வி-பதில் வகை விவாதத்தைத் தேர்ந்தெடுங்கள். தம் பதிவை இடாதவருக்கு அதில் பிறர் பதிவுகள் தெரிவதில்லை.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர் 2000 ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த கருத்தமைப்பு, இணைய உரையாடலில் சிந்தனை நான்கு படிகளில் நகர்வதாகக் கூறுகிறது: சிக்கல் எழுகிறது, கருத்துகள் குவிகின்றன, அவை ஒன்றோடொன்று இணைகின்றன, முடிவில் ஒரு தீர்வு சோதித்துப் பார்க்கப்படுகிறது. பெரும்பாலான உரையாடல்கள் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுவதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டுள்ளனர். எனவே அதற்கு அப்பால் நகர்த்தும் மறுமொழிகளுக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சான்றுடன் கூடிய முதல் பதிவுக்கு 3, மறுமொழிகளுக்கு 5, தம் நிலைப்பாடு எவ்வாறு மாறியது அல்லது ஏன் மாறவில்லை என்று இறுதியில் எழுதும் குறிப்புக்கு 2 என்று பிரிக்கலாம்.

ஒரு மறுமொழியைப் படித்த பிறகு, முதலில் எழுதியவர் தம் கருத்தைத் திருத்தவோ, விரிக்கவோ, மேலும் வலுவாக நிறுவவோ வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ‘கடலூருக்கு நீங்கள் சொல்வது சரி, புயல் திசைமாறி மழை பொய்த்தால், திருவண்ணாமலைப் பக்கத்து உழவர்கள் கோடையில் என்ன செய்வார்கள்?’ என்னும் மறுமொழி, ஒரு பக்கப் பாராட்டைவிட மேலானது. பிழையான எழுத்துக்கும் பேச்சுநடைக்கும் இங்கே மதிப்பெண் குறைக்காதீர்கள். குறைத்தால், எழுதத் தயங்குபவர்கள் அறவே ஒதுங்கிவிடுவார்கள். எல்லாப் பதிவுகளையும் திருத்துவது பெருஞ்சுமை என்பதால், தம் மறுமொழிகளில் சிறந்த இரண்டை மாணவரே தேர்ந்து, காரணத்துடன் அளிக்கச் சொல்லுங்கள்.

குழுப்பணிச் சிக்கல் பழையது. குழுவில் ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைவதைப் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் 1913 இல் வெளியிட்ட ஆய்விலேயே காட்டினார். அவரவர் பங்கு தனியே தெரியும்போது இத்தளர்ச்சி குறைவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே 15 இல் 9 ஐக் கூட்டு அறிக்கைக்கும் 6 ஐத் தனியாளுக்கும் ஒதுக்குங்கள். அறிக்கையைக் கூகுள் டாக்ஸில் எழுதச் செய்தால், யார் எதை எப்போது சேர்த்தார் என்பதை வெர்ஷன் ஹிஸ்டரி காட்டும். ஆனால் அதை மட்டும் நம்பி மதிப்பெண் இடுவது அநீதியாகும். மடிக்கணினி இல்லாத மாணவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மற்றொருவர் தட்டச்சு செய்திருக்கலாம். எனவே ஒவ்வொரு குழுவையும் காணொளியில் சில நிமிடங்கள் சந்தித்து, அறிக்கையின் எந்தப் பகுதியையும் எவரிடமும் கேளுங்கள். செய்தவர் யார் என்பது விடைகளில் வெளிப்பட்டுவிடும். சக மாணவர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் இடச் சொன்னால், நட்பின் பொருட்டு எல்லோரும் முழு மதிப்பெண் இட்டுவிடுவார்கள். ‘யார் இல்லாவிட்டால் எந்தப் பகுதி வந்திருக்காது?’ என்று தனித்தனியே எழுதி வாங்குவது பயன்தரும்.

இந்த அளவுகோல்களை மாதிரி மறுமொழிகளுடன் முன்கூட்டியே அறிவித்து, முதல் விவாதத்தை மதிப்பெண் இன்றிப் பயிற்சியாக நடத்துங்கள். மழைநாள்களில் மின்சாரமும் இணையமும் தடைப்படும் என்பதால், ஒவ்வொரு விவாதத்தையும் ஒரு வாரம் திறந்து வையுங்கள். பதிவு இட்ட நேரத்துக்காக எவருக்கும் மதிப்பெண் குறைக்க வேண்டாம்.