செப்டம்பர் என்ற குடும்பப் பெயர்: கேப் டவுன் அடிமைகளின் வேர்களைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர், பிப்ரவரி என்று குடும்பப் பெயர் கொண்டவர்கள் தங்கள் மூதாதையரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறிவிடும்.

1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் பகுதியில் காலூன்றியது. அங்கே கொண்டுவரப்பட்ட அடிமைகளின் சொந்தப் பெயர்களை எழுத்தர்கள் பெரும்பாலும் பதியவே இல்லை. மாதப் பெயரோ, டைட்டஸ் போன்ற ரோமானியப் பெயரோ சூட்டி, பின்னால் ஊரைச் சேர்த்தார்கள்: 'வான் பெங்காலன்' (வங்காளத்திலிருந்து; டச்சு மொழியில் 'வான்' என்றால் 'இருந்து'), 'வான் மலபார்', 'வான் கோரமண்டல்'. கடைசியில் உள்ளது நம் சோழமண்டலக் கரை. பெற்றோர் சொல்லி அழைத்த பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. அந்த ஊர்ப்பெயரையும் அப்படியே நம்பக்கூடாது. அது பிறந்த ஊராக இல்லாமல், விற்கப்பட்ட துறைமுகமாகவும் இருக்கலாம்.

ஆகவே உரிமையாளரின் பெயரிலிருந்து தொடங்குங்கள். அவர் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் கட்டில், மாடு, பானைகளோடு மனிதர்களின் பெயரும் இருக்கும். டச்சுக்காரருக்குப் பின் கேப்பை ஆண்ட ஆங்கிலேயர் 1816 முதல் வைத்த அடிமைப் பதிவேடுகள் இன்னும் உதவும். பெயர், வயது, வேலை, கைமாறிய விவரம் அவற்றில் உண்டு. தாய் அடிமையென்றால் குழந்தையும் அடிமை என்பதே சட்டம். அதனால் தாய்வழியே தேடுவது எளிது; தந்தையின் பெயர் பல இடங்களில் வெற்றிடம்தான்.