எட்மன்டன் முதல் வினிப்பெக் வரை: எல்லோஹெட் சாலை கேள்வி பதில்

கனடாவின் 16ஆம் எண் எல்லோஹெட் நெடுஞ்சாலையில் அடிக்கடி வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஜாஸ்பருக்கு மேற்கே உள்ள மலைப்பாதையை அங்கே ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் போய்விடலாமா?

சுமார் 1,300 கிலோமீட்டர். மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் முடியும். தனியாக என்றால் சஸ்காட்டூனில் தங்கிவிடுங்கள். அதுவரை போக, வரத் தனித்தனிப் பாதை. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், பெரும்பாலும் எதிர்வண்டி நம் பக்கத்திலேயே உரசிக்கொண்டு வரும். லாரியை முந்தியே ஆகவேண்டும் என்று நிற்காதீர்கள். அந்தி நேரத்தில் மான் குறுக்கே வரும். பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள்.

கேள்வி: வழியில் பைசன் (வட அமெரிக்கக் காட்டெருது) பார்க்கலாமா?

எட்மன்டனுக்குக் கிழக்கே எல்க் ஐலண்ட் தேசியப் பூங்கா. நம் சாலை அதை ஊடறுத்துப் போகிறது. சாலைக்கு வடக்கே சமவெளி பைசன், தெற்கே அதைவிடப் பெரிய காட்டு பைசன். இரண்டு இனமும் கலந்துவிடாமல் வேலி போட்டு வளர்க்கிறார்கள். 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். செல்ஃபிக்காக இறங்கி நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கேள்வி: வெக்ரவில் முட்டைக்காக நிறுத்தணுமா?

நிறுத்துங்கள். 1975இல் அந்த ஊரில் வைத்த பெரிய சிலை, உக்ரேனியர்கள் ஈஸ்டருக்கு வண்ணம் தீட்டும் முட்டையின் வடிவம். அலுமினியத் துண்டுகளைக் கோத்து, 3,512 முகங்களாக மடித்திருக்கிறார்கள். காற்றடித்தால் மெல்லத் திரும்பும்.

கேள்வி: லாய்ட்மின்ஸ்டர் எந்த மாகாணம்?

இரண்டும். எல்லைக்கோடு ஊருக்கு நடுவே போகிறது. கடிகாரம் மட்டும் ஊர் முழுக்க ஆல்பர்ட்டா நேரம்.

கேள்வி: சஸ்காட்டூனுக்குக் கிழக்கே ஊர்கள் ஏன் அளந்து வைத்தது போல வருகின்றன?

இது நல்ல கேள்வி. உண்மையிலேயே அளந்துதான் வைத்தார்கள். முதலில் வந்தது ரயில், சாலை அப்புறம்தான். விவசாயி குதிரை வண்டியில் கோதுமை ஏற்றி வந்து, இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் தண்டவாளம் நெடுக பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். நிறுத்தத்துக்கு ஒரு எலிவேட்டர், அதாவது தானியத்தை மேலே தூக்கிக் கொட்டிச் சேர்க்கும் உயரமான மரக் கிடங்கு. கிடங்கைச் சுற்றிக் கடை, தேவாலயம், பள்ளி. ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே எலிவேட்டர் தெரியும்.

லாரி வந்ததும் இந்தக் கணக்கு செல்லாமல் போனது. கிளை ரயில் பாதைகளை மூடினார்கள். தானியம் தொலைவில் உள்ள பெரிய கான்கிரீட் கிடங்குகளுக்குப் போனது, மரக் கிடங்குகளை இடித்தார்கள். மனிடோபாவில் ரஸ்ஸல் ஊரிலிருந்து வடக்கே திரும்பி இங்லிஸ் போனால், ஐந்து கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. நாட்டில் இப்படி மிஞ்சிய கடைசி வரிசைகளில் அது ஒன்று. தேசிய வரலாற்றுச் சின்னம். அரை நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: பெட்ரோல் எங்கே போடுவது?

மேலே சொன்னேன். பாதி டேங்க்.

கேள்வி: வீண் வேலை. ரெஜைனா வழியாக 1ஆம் எண் சாலைதான் அசல் டிரான்ஸ்-கனடா (நாட்டின் குறுக்கே ஓடும் நெடுஞ்சாலை). 16இல் வெறும் வெட்டவெளி.

16உம் டிரான்ஸ்-கனடா வரிசையில் உள்ளதுதான். பலகையில் மேப்பிள் இலை இருக்கும், பாருங்கள். வெட்டவெளி வேண்டுமென்றால் உங்கள் 1இல்தான் நிறைய உண்டு. இங்கே புல்வெளியும் வடக்குக் காடும் சந்திக்கும் பட்டை: வயல், நடுநடுவே ஆஸ்பென் தோப்பு, பனியாறு விட்டுப்போன குட்டைகள், குட்டை நிறைய வாத்து. முன்பு காட்டுத்தீயும் பைசன் மந்தையும் மரத்தைப் பரவ விடாமல் வைத்திருந்தன. இரண்டும் நின்றதும் தோப்புகள் பெருத்தன.

கேள்வி (அவரே): ரெஜைனா முதல் வினிப்பெக் வரை 1 முழுக்க இரட்டைச் சாலை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சரி, ஒப்புக்கொள்கிறேன். பனிக்காலத்தில் குடும்பத்தோடு ரெஜைனா போகிறவருக்கு நானும் 1ஐத்தான் சொல்வேன். எட்மன்டனிலிருந்து வினிப்பெக் போகிறவர் ரெஜைனாவுக்கு இறங்குவது சுற்று. மற்றவர்களும் இதிலேயே தொங்காமல் வேறு கேளுங்கள்.

கேள்வி: அப்போ எது அழகு, 1ஆ 16ஆ?

அடுத்த கேள்வி.

கேள்வி: ராத்திரி பெட்ரோல் கிடைக்குமா?

பாதி டேங்க், பாதி டேங்க், பாதி டேங்க். சின்ன ஊரில் இரவு பங்க் திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். சஸ்காட்டூனுக்குக் கிழக்கே உள்ள யார்க்டனில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: ஜனவரியில் போகலாமா?

கிளம்பும் காலையில் சாலை நிலவரம் சொல்லும் சேவைகளான ஆல்பர்ட்டா 511, சஸ்காட்செவன் ஹைவே ஹாட்லைன், மனிடோபா 511 மூன்றையும் பாருங்கள். சாலை மூடியிருக்கிறது என்றிருந்தால் கிளம்பாதீர்கள்.