'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அது தமிழ்ச் சொல்தானா?

ஆம், தமிழ்தான். கட்டு + மரம். இன்றைய ஆங்கிலத்தில் கேட்டமரான் என்றால், இரண்டு ஒடுங்கிய படகு உடல்களை இணைத்து மேலே தளம் போட்ட கலம்.

நம் கட்டுமரம் வேறு. லேசான மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் கட்டுவார்கள், அவ்வளவுதான். அலை மேலே ஏறினால் கட்டைகளின் இடுக்கு வழியே தண்ணீர் கீழே வடிந்துவிடும். குடத்தில் தண்ணீர் நிறைந்தால் அது முழுகும். விறகுக் கட்டை முழுகாது. படகு குடம் மாதிரி, கட்டுமரம் விறகு மாதிரி. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் காயவைப்பார்கள். அந்த எளிமை எனக்கு இன்றும் வியப்புதான்.

சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியான தன் பயண நூலில் இந்தப் பெயரை எழுதினார். அப்புறம் கட்டைகளைக் கட்டி மிதக்கவிடும் வேறு பல தெப்பங்களுக்கும் ஆங்கிலேயர் இதே பெயரைச் சொன்னார்கள். 1876-ல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் கட்டிய அமரில்லிஸ் என்ற இரட்டைப் படகு நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றை முந்தியது. அந்த வகைக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

சரி, இரட்டைப் படகையே தமிழர் கண்டுபிடித்ததாகப் பலர் பகிர்கிறார்கள்; அந்த அமைப்பு பசிபிக் தீவு மக்களுடையது, பெயர் மட்டுமே நம்முடையது.