28 லட்சம் கையில் இருக்கிறது, 80 லட்ச ஃபிளாட் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெங்களூர் ஹொரமாவில் 22,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து கைக்கு வரும் சம்பளம் 1,30,000. பத்து வருடமாகச் சேர்த்ததில் 28 லட்சம் இருக்கிறது. கே.ஆர்.புரம் தாண்டி, கட்டிக்கொண்டிருக்கும் ஒரு அபார்ட்மென்டில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் 80 லட்சம் சொல்கிறார்கள். வங்கி 80 சதவீதம் கடன் தரும் என்பதால் எங்கள் பங்கு 16 லட்சம்தான், மிச்சம் 12 லட்சத்தில் மரவேலை, கிரகப்பிரவேசம் எல்லாம் தாராளமாக முடிந்துவிடும் என்று கணவர் சொல்கிறார். தை மாதம் பால் காய்ச்ச ஆசை. சரியாக வருமா?
– வாசகி, ஹொரமாவு

பதில்: உங்கள் கணவர் போட்ட கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, ஆனால் பாதிதான் போட்டிருக்கிறார். வீட்டு விலைக்குத்தான் வங்கி கடன் தரும். அரசாங்கத்துக்குப் போகிற பணம் பெரும்பாலும் உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட் என்பதால் 5% ஜி.எஸ்.டி., அது 4 லட்சம். (45 லட்சத்துக்குள் இருக்கிற சின்ன வீடுகளுக்கு 1% தான், உங்களுக்குப் பொருந்தாது.) கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேல் போனால் முத்திரைத் தீர்வை 5%, அதன் மேல் செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகள் எல்லாம் சேர்ந்து நகரத்துக்குள் 5.6% ஆகிவிடும், அது 4,48,000. பதிவுக் கட்டணம் முன்பு 1% தான் இருந்தது, 2025 ஆகஸ்ட் 31 முதல் 2% ஆக்கிவிட்டார்கள், அது 1,60,000. உங்கள் பங்கு 16 லட்சத்தோடு இதையெல்லாம் சேர்த்தால் 26,08,000. 28 லட்சத்தில் மிச்சம் 1,92,000 ரூபாய். இன்னும் ஒரு ஃபேன் கூட வாங்கவில்லை! சில வங்கிகள் ஜி.எஸ்.டி.யையும் கடனில் சேர்த்துக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் இந்த விலை வீட்டுக்குச் சேர்க்க ரிசர்வ் வங்கி விதியே இடம் கொடுக்காது.

அப்புறம் பில்டரின் காஸ்ட் ஷீட், அதாவது செலவுப் பட்டியல். 80 லட்சம் என்று வாயால் சொன்னது அந்தத் தாளில் வேறு மாதிரி இருக்கும். கார் பார்க்கிங், பெஸ்காம் (மின்சாரம்) மற்றும் குடிநீர் வாரிய இணைப்பு, கிளப் ஹவுஸ், வக்கீல் கட்டணம், ஒரு வருடமோ இரண்டு வருடமோ முன்கூட்டியே பராமரிப்புப் பணம், கார்ப்பஸ் (குடியிருப்பின் பொது நிதி) என்று வரிசையாக வரும், அதில் சிலவற்றுக்கு 18% ஜி.எஸ்.டி.யும் உண்டு. "ஆல் இன்க்ளூசிவ்தான் மேடம்" என்று விற்பனைப் பையன் சொன்னால், சந்தோஷம், அதையே கம்பெனி மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். 1,150 சதுர அடி என்பது போலப் பேசுவதையும் கார்ப்பெட் ஏரியாவில் (வீட்டுக்குள் நாம் புழங்கும் இடம்) கேளுங்கள், ரெரா எனும் ரியல் எஸ்டேட் சட்டப்படி அதைத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று: ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது, இதுவும் அதே சட்டம்தான். "ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோடு முடியுது" என்று 15 லட்சம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

தவணைக்கு வருவோம். 64 லட்சம் கடன், 20 வருடம், 8% வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் 53,500. வட்டி 9% ஆனால் 57,600 வரை போகும். 1,30,000 சம்பளத்துக்கு வங்கி இதைத் தாராளமாகக் கொடுக்கும், ஆனால் வங்கி கொடுக்கிறது என்பதற்காக உங்களால் கட்ட முடியும் என்று அர்த்தமில்லை, பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் ஊரில் இருக்கும் அப்பாவின் மருந்துச் செலவும் வங்கியின் கணக்கில் வராது. வீடு முடியும் வரை 22,000 வாடகையும் ஓடும், வாங்கிய கடனுக்கு வட்டியும் ஓடும். நான் சொல்வது: இன்றைக்கே, எதுவும் வாங்காமலேயே, மாதா மாதம் 31,500 ரூபாயை (53,500-இல் வாடகை போக மிச்சம்) தனியாக ஒரு கணக்கில் போட்டுவிட்டு ஆறு மாதம் குடும்பம் நடத்திப் பாருங்கள். மூச்சு முட்டினால் இப்போதே தெரிந்துவிடும், பணமும் உங்களிடமே இருக்கும்.

வரி மிச்சமாகும் என்று யாராவது ஆசை காட்டினால், நீங்கள் எந்த முறையில் வரி கட்டுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய முறையில்தான், புதிய முறையில் கிடையாது.

அப்படியானால் எவ்வளவு விலையில் பார்க்கலாம்? 28 லட்சத்தில் 4 லட்சத்தை மறந்துவிடுங்கள், அது வேலை போனாலோ ஆஸ்பத்திரி என்றாலோ தவணை கட்ட. இன்னொரு 5 லட்சம் குடிபோகும் செலவுக்கு. மிச்சம் 19 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்றால் இதற்கு 58 லட்சம் வரைதான் தாங்கும். ஆனால் கட்டி முடித்து ஓ.சி. (குடியேறலாம் என்ற சான்றிதழ்) வாங்கிய வீட்டுக்கோ ரீசேல் வீட்டுக்கோ ஜி.எஸ்.டி. கிடையாது, அதனால் 65 லட்சம் வரை போகலாம், கடன் 52 லட்சம், தவணை 43,500. வாடகையும் அந்த மாதமே நின்றுவிடும். உங்கள் நிலைமைக்கு நான் ரீசேல் பக்கம்தான் சாய்வேன். ஐந்தாறு வருடப் பழைய வீடு என்றால் கோடையில் தண்ணீர் எப்படி என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடலாம் பாருங்கள், காவேரித் தண்ணீரா, போரா, மாதம் எத்தனை டேங்கர் என்று. 2024 கோடைத் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் அந்தக் கட்டடம் என்ன பாடுபட்டது என்று கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும். ரீசேலில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1% டி.டி.எஸ். (விற்பவர் கணக்கில் போகும் வருமான வரி) பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். கூடுதல் செலவில்லை, ஆனால் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால் விகிதமே வேறு, ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த 5 லட்சம் எதற்கு என்று கணவர் கேட்பார். பில்டர் சாவி கொடுக்கும்போது சமையலறையில் ஒரு கிரானைட் மேடை இருக்கும், கீழே வெறும் சுவர். ஃபேன் மாட்டும் கொக்கியிலிருந்து இரண்டு வயர் தொங்கும். கீசர் கிடையாது, ஜன்னலுக்குத் திரைக் கம்பி கிடையாது, பால்கனிக்கு வலை போடாவிட்டால் ஒரே வாரத்தில் புறா குடித்தனம் வந்துவிடும். சமையலறை அலமாரி, ஒரு படுக்கையறைக்கு வார்ட்ரோப், ஃபேன், லைட், கீசர், வலை, இவ்வளவுதான் முதல் வருடத்துக்கு. ஃபால்ஸ் சீலிங்கும் டி.வி. சுவருக்கு மரப் பலகையும் போனஸ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்று பர்சனல் லோன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தை மாதமா? கட்டுமானத்தில் இருக்கும் வீட்டை நம்பி முகூர்த்தம் குறிக்காதீர்கள். ஓ.சி. கையில் வந்த பிறகு ஜோசியரைப் பாருங்கள். தை தவறினால் என்ன, ஆடி, மார்கழி மாதிரி மாதங்கள் போக வேறு மாதங்களும் இருக்கின்றன.

கேள்வி: பேகூரில் ரீசேல் ஃபிளாட் ஒன்று அக்கம்பக்கத்தை விட 12 லட்சம் குறைவாக வருகிறது. பி காத்தா என்கிறார்கள், சீக்கிரம் ஏ காத்தா ஆகிவிடும் என்று புரோக்கர் உறுதி சொல்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: ஆகிவிடும் என்றால் ஆன பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று புரோக்கரிடம் சொல்லிவிடுங்கள் சார். காத்தா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவு; ஏ என்றால் முறையானது, பி என்றால் அனுமதியில் ஏதோ குறை இருக்கிறது. 12 லட்சம் சும்மா குறையாது. பி காத்தா வீட்டுக்குப் பல வங்கிகள் கடன் தராது, நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் இதே பேரம்தான் உங்களிடம் நடக்கும். இப்போது பெங்களூரில் இ-காத்தா (காத்தாவின் மின்னணு வடிவம்) இல்லாமல் பதிவே நடக்காது, ஆகவே அதை முதலில் கேளுங்கள். பத்திரப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, தாய்ப்பத்திரம், வரி ரசீது, ஓ.சி. எல்லாவற்றையும் நீங்களே வைத்த வக்கீலிடம் காட்டுங்கள். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

கேள்வி: அடுத்த மாதம் புது ஃபிளாட்டுக்கு மாறுகிறோம். 1,50,000 அட்வான்ஸ் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் கார்பென்டருக்குக் கொடுக்க வேண்டும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: அந்தப் பணத்தைக் கார்பென்டருக்குச் சொல்லி வைக்காதீர்கள் அம்மா. இந்த ஊரில் காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம், மீதியும் பெரும்பாலும் சாவியைக் கொடுத்த பிறகுதான் வரும். வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை மாத நோட்டீஸ் என்று பார்த்து இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள். மரவேலை சொன்ன தேதிக்கு முடியாது என்பதால் ஒரு மாதம் வாடகையும் தவணையும் சேர்ந்து விழும் என்று எடுத்து வையுங்கள்.

புது இடத்து அசோசியேஷனிடம் சாமான் ஏற்றும் நேரம் கேளுங்கள், பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை விடமாட்டார்கள், குடிபுகக் கட்டணமும் வாங்குவார்கள். டேப் எடுத்துப் போய் லிஃப்ட் கதவையும் யுட்டிலிட்டி (துணி துவைக்கும் இடம்) கதவையும் அளந்துவிடுங்கள், அம்மா வீட்டுச் சீதன பீரோ ஏழாவது மாடிக்குப் படியில் ஏற வேண்டியிருந்தால் கூலி இரட்டிப்பாகும்.

கேள்வி: இதே பணத்துக்கு ஓசூரில் பெரிய வீடே கிடைக்கிறதே, அங்கே போய்விடலாமா?
– வாசகர், அல்சூர்

பதில்: விலை குறைவுதான், ஆனால் தமிழ்நாட்டில் பொதுவாக முத்திரைத் தீர்வை 7%, பதிவு 2%, ஆக 9%. இங்கே 7.6% தான். அப்புறம் அத்திப்பள்ளி சுங்கம், பெட்ரோல். மஞ்சள் பாதை மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்தது உண்மை, ஆனால் பொம்மசந்திரா வரைக்கும்தான், ஓசூருக்கு வரவில்லை. வேலை எலக்ட்ரானிக் சிட்டியில் என்றால் யோசிக்கலாம். ஒயிட்ஃபீல்டு என்றால் வேண்டாம்.