காலையில் விரல் மடங்கவில்லை, ராத்திரி வியர்வை: லெட்ரோசோலைக் குறைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எட்டு மாதமாக லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். காலையில் எழுந்தால் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியாத அளவுக்கு விரல்கள் விறைத்துக் கிடக்கின்றன. ராத்திரி வியர்வையில் இரண்டு தடவை உடை மாற்றுகிறேன். மூன்று வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறேன், டாக்டரிடம் சொல்லவில்லை. இது தப்பா?

பதில்: உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். இப்படிச் சத்தமில்லாமல் மாத்திரையைக் குறைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஆனால் நீங்கள் தினமும் போடுகிறீர்கள் என்றுதான் உங்கள் டாக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார், வலி இவ்வளவு என்று தெரிந்தால் அவர் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. அதனால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாதவிடாய் நின்றபிறகு சினைப்பை ஓய்ந்துவிட்டாலும் கொழுப்பிலும் தசையிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தின்று வளரக்கூடிய வகை உங்களுடைய புற்றுநோய், அந்த ஊற்றை அடைப்பதுதான் லெட்ரோசோலின் வேலை. ஆனால் மூட்டுக்கும் எலும்புக்கும், மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்துக்கும் அதே ஈஸ்ட்ரோஜன் தேவை. ஆகவே இந்த வலி வயசுக் கோளாறும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதில் எனக்குத் தெரியும் சிக்கல் இதுதான்: இந்த மருந்து உடம்பில் நாள்கணக்கில் தங்கக்கூடியது, ஒருநாள் விட்டால் வலி பெரிதாகக் குறையாது. பலன் நிரூபிக்கப்பட்டதோ தினமும் 2.5 மில்லிகிராம் என்ற அளவுக்குத்தான். ஆக வலியும் போகவில்லை, பாதுகாப்பும் நிச்சயமில்லை.

சரி, விரல்களுக்கு வருவோம். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளை ஐந்து நிமிடம் வைத்து, உள்ளேயே மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். முதலில் முஷ்டி பாதிதான் மூடும், கொஞ்ச நேரத்தில் இளகும். அசையாமல் இருந்தால்தான் இந்த விறைப்பு அதிகம், அதனால் வலிக்கிறதே என்று படுத்தே இருக்காதீர்கள். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இதே வகை மாத்திரையால் மூட்டு வலி வந்த பெண்கள் வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியும் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் ஒரு வருடம் செய்தார்கள், அவர்களுடைய வலி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. உங்களுக்குப் பத்து நிமிட நடையில் தொடங்கினால் போதும். வைட்டமின் டி அளவையும் எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இந்த மாத்திரை எலும்பை மெலிய வைக்கும்.

இதெல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் டாக்டர் சில வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்துவிட்டு அனஸ்ட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேனுக்கு மாற்றலாம். ஒரே வகை மருந்துதான், ஆனாலும் ஒன்றைத் தாங்காத உடம்பு இன்னொன்றைத் தாங்குவது அடிக்கடி நடக்கிறது. டாமாக்சிஃபென் என்ற வேறு வகை மாத்திரைக்கும் மாறலாம். அதில் மூட்டு வலி குறைவு, ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், பிறப்புறுப்பில் ரத்தப்போக்கு இதில் எது வந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

ராத்திரி வியர்வைக்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. கபாபென்டின் தூக்கம் வரவழைக்கும் என்பதால் படுக்கும் நேரத்துக்கு அது பொருத்தமாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள். அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன், பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல் இருக்கிறதா? கூச்சத்தில் பலரும் இதைச் சொல்வதே இல்லை. ஹார்மோன் கலக்காத ஈரப்பத ஜெல் வாரம் இரண்டு மூன்று முறை போட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. காலை விறைப்பு நடமாடினால் தளரும். அப்படித் தளராமல் ஒரே எலும்பில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு, தூக்கத்தில் எழுப்பும் வலி இருந்தால் அதை மாத்திரையின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.