பதில்: பத்திரிகையில் பிஸ்மில்லாஹ் உடைந்து வருவது

கல்யாணப் பத்திரிகையில் பிஸ்மில்லாஹ் (‘அல்லாஹ்வின் பெயரால்’ எனத் தொடங்கும் அரபி வாசகம்) தனித்தனி எழுத்தாக உடைந்து, இடமிருந்து வலமாக ஓடுகிறது என்கிறீர்கள். எழுத்துருவில் கோளாறு இல்லை சகோ. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவைத் திறந்து ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், சேர்ந்துவிடும். தமிழ் ‘கொ’ உடைந்தாலும் இதே வழிதான்.

அரபியில் ஒரே எழுத்து சொல்லின் முதல், நடு, கடைசி என இடத்துக்கேற்ப உருமாறும். ஆனால் அலிஃப், தால், ஃதால், ரா, ஸா, வாவ் ஆறும் அடுத்த எழுத்தோடு சேராது. அதனால் பிஸ்மில்லாஹ்வில் வரும் ‘அர்ரஹ்மான்’ என்பதில் ராவுக்குப் பின் இடைவெளி தெரிந்தால் அது சரிதான், இழுத்து ஒட்டிவிடாதீர்கள்.

எழுத்துருவுக்கு அமீரி அருமையாக இருக்கும். கெய்ரோவின் பூலாக் அச்சகத்து நஸ்க் (அரபி எழுத்துப் பாணிகளில் ஒன்று) எழுத்தைப் பின்பற்றியது, இலவசம். அச்சுக்கு அனுப்பும் முன் ஓதத் தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள். இறைவன் பெயர் பிழையாக அச்சாகக் கூடாது.