ஆடியோவில் சொன்ன டானிக்கை வாங்கினால் டிகிரி ஏறுமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் நான்கு ஜெர்சி கலப்பு மாடு வைத்திருக்கிறேன். காலையில் பால் கறக்கும்போது மகன் போனில் மாட்டுப்பண்ணை பாட்காஸ்ட் போட்டுவிடுவான், கேட்டுக்கொண்டே கறப்பேன். ஒரு மாதமாகப் பால் சங்கத்தில் டிகிரி ஏறவே இல்லை, எஸ்.என்.எஃப் (பாலில் கொழுப்பு போக மீதியுள்ள சத்தின் சதவீதம்) 7.8-ஐத் தாண்டவில்லை. தீவனத்தில் சோடா உப்பும் அவர்கள் விற்கிற டானிக்கும் கொடுத்தால் பத்தே நாளில் 8.5 வரும் என்று ஒரு ஆடியோவில் சொல்கிறார்கள். இரண்டு பாட்டில் 1,400 ரூபாய். வாங்கலாமா? எந்த ஆடியோவைத்தான் நம்புவது?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பணத்துக்குப் புண்ணாக்கு வாங்கிப் போட்டால் மாட்டு வயிற்றுக்காவது போய்ச் சேரும். உங்கள் மாட்டைப் பார்க்காத, மடியைத் தொடாத, என்ன தீனி போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காத ஒருவர் "பத்து நாளில் ஏறும்" என்று கணக்குச் சொன்னால், அந்தக் கணக்கு பாட்டில் விற்கிற கணக்குதான்.

எஸ்.என்.எஃப் குறைய நாலைந்து காரணம் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. வெறும் வைக்கோலில் மாட்டை ஓட்டினால் குறையும். நம் வேலூர் வெயிலில், அக்னி நட்சத்திரத்தில் மாடு தீனியே எடுக்காமல் நின்றால் குறையும். கறந்த சூடும் நுரையும் அடங்காத பாலை அளந்தால், பாலில் குறை இல்லாவிட்டாலும் ரீடிங் குறைத்துத்தான் காட்டும். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது மடியை. வெளியே வீக்கம் இருக்காது, பால் திரியாது, மாடு நன்றாகவே சாப்பிடும், உள்ளே மட்டும் மடிநோய் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது பாலில் சர்க்கரை குறைந்து உப்பு கூடும், டிகிரி இறங்கும்.

போன மாசியில் ஒடுகத்தூர் பக்கம் ஒரு கொட்டகையில் இதே கதைதான். இரண்டு மாதம் விதவிதமாக டானிக் ஊற்றியிருந்தார்கள். அரை லிட்டர் தண்ணீரில் துணி துவைக்கிற சோப்புத்தூள் ஆறு டீஸ்பூன் கரைத்து, ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, பாலுக்குச் சமமாக அந்தத் தண்ணீரை ஊற்றிச் சுற்றினோம். மூன்று கிண்ணம் தண்ணியாகவே இருந்தது. இடப்பக்கப் பின்காம்புப் பால் மட்டும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று இழுத்தது. நோய் அந்தக் காம்பில்தான். இந்தச் சோதனைக்கு ஆன செலவு இரண்டு ரூபாய் இருக்குமா? நாளைக் காலையே நான்கு மாட்டுக்கும் செய்து பாருங்கள்.

சோடா உப்பு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது, பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும். ரேஷன் அரிசிக் கஞ்சி, கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு, மாவு, இப்படி அளவுக்கு மிஞ்சிப் போட்டால் மாட்டு வயிறு புளிக்கும். அசை போடுவது குறையும், சாணி தண்ணியாக நுரைத்து வரும், பாலில் கொழுப்பு இறங்கும். அந்த மாட்டுக்கு 5 கிலோ அடர்தீவனத்துக்கு (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த தீனி) 50 கிராம் கணக்கில் சோடா உப்பு கலந்து கொடுத்தால் பலன் உண்டு, நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அப்போது ஏறுவது ஃபேட். நீங்கள் கேட்பது எஸ்.என்.எஃப். கஞ்சியே போடாத வீட்டில், வைக்கோலும் புல்லும் தின்கிற மாட்டுக்குச் சோடா தேவையே இல்லை. ஆக, கஞ்சி போடுகிறீர்களா, சாணி நுரைக்கிறதா, ஃபேட்டும் சேர்ந்து இறங்கியிருக்கிறதா, மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் மட்டும் சோடா. அப்போதும் முதல் வேலை கஞ்சியைக் குறைப்பதுதான். இன்னொன்று, ஆடியோவை அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பால் கேனிலேயே சோடா போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கலப்படம், பரிசோதனையில் பிடிபடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, எந்த ஆடியோவை நம்புவது? கடைசியில் போன் நம்பர் கொடுத்து எதையாவது விற்றால், அதற்கு முன் சொன்ன எதையும் நம்பாதீர்கள். தேதி சொல்லாத ஆடியோவில் விலையும் மானியமும் கேட்காதீர்கள். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் 32-லிருந்து 35 ரூபாய் ஆனது, 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. பழைய விலையைச் சொல்கிற ஆடியோ இன்னும் வாட்ஸ்அப்பில் புதுசு மாதிரி சுற்றுகிறது, அதைக் கேட்டுவிட்டுச் சங்கத்துச் செக்ரட்டரியிடம் சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கப் பாட்காஸ்டைத் தமிழாக்கிப் போடுகிறவர்களும் உண்டு. அங்கே 100 பவுண்டுக்கு, அதாவது சுமார் 45 கிலோ பாலுக்கு விலை பேசுவார்கள். அந்த ஊர் மாட்டுக்குச் சொன்ன தீவன அளவு உங்கள் ஜெர்சி கலப்புக்கு ஒத்துவராது.

தரகர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியவர்கள், இப்போது "இந்த ஜாதி 20 லிட்டர் கறக்கும், நீயே கேளு" என்று போனைக் காதில் வைக்கிறார்கள். ஆடியோவா பால் கறக்கப் போகிறது? முதல் நாள் சாயந்திரம் கறக்காமல் மடி கட்டி ஓட்டி வருவார்கள். காலை, மாலை இரண்டு கறவையும் கண்ணால் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

காதால் கேட்டு விவசாயம் செய்வது நமக்குப் புதுசும் இல்லை. 1960-களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சாவூர்ப் பக்கம் பரவியது வானொலியால்தான், அதற்கு "ரேடியோ நெல்" என்றே பேர். அந்த ரேடியோ டானிக் பாட்டில் எதையும் விற்கவில்லை. இன்று வேலூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இத்தனை இருந்தும் வாரம் பத்து நிமிடம், நம் பேச்சில், தேதி சொல்லி ஒரு ஆடியோ நம் கொட்டகைவரை ஏன் வந்து சேரவில்லை? அறிவிப்பு என்று வந்தால் "கால்நடை வளர்ப்போர் பயன்பெறலாம்" என்று கடுதாசித் தமிழில் வருகிறது, அதுவும் முகாம் முடிந்த மறுநாள். கறக்கிற பெண்களின் காது காலை ஐந்து மணிக்குச் சும்மாதான் இருக்கிறது, அந்த நேரத்தை டானிக்காரர் எடுத்துக்கொண்டார். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

பாட்காஸ்ட் கேட்பதை நிறுத்த வேண்டாம். காதில் விழுந்ததை வைத்து மருத்துவரிடம் கேள்வி கேளுங்கள், அதை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

இப்போதைக்கு, சோப்புத்தூள் சோதனையில் ஏதாவது காம்பு கொழகொழத்தால் அந்த மாட்டைக் கடைசியில் கறந்து, பாலைத் தனியாக வைத்துவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யுங்கள். காம்புக்குள் மருந்து ஏற்றினால், எத்தனை நாள் பாலைச் சங்கத்தில் ஊற்றக்கூடாது என்று மருத்துவரையே சொல்லச் சொல்லி எழுதி வாங்குங்கள். எல்லாக் காம்பும் சுத்தம் என்றால் தீனியைப் பாருங்கள்: உடம்புக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், மேற்கொண்டு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ, தாதுஉப்பு தினம் 30 முதல் 50 கிராம், கூடவே பசும்புல். மூன்று வாரம் விடாமல் போட்டு, சங்கத்தில் கொடுக்கிற சீட்டைத் தினமும் வாங்கி ஆணியில் குத்தி வையுங்கள். சீட்டு தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. மூன்று வாரம் கழித்தும் 8 வரவில்லை என்றால் அந்தச் சீட்டுக் கட்டோடு மறுபடி எழுதுங்கள்.